எண்ணெய் அழுக்கை எடுக்கும். எண்ணெயை எடுப்பது யார்?

பலாப்பழம் அறுக்க உட்காரும்போது கத்தியோடு தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் கூடவே வரும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் பழத்தைத் தொடுவார்கள். தடவ மறந்தவர்கள் பாடு திண்டாட்டம். பிசின் விரலிடுக்கில் ஏறிக்கொண்டு சோப்புக்கும் மசியாது, வெந்நீருக்கும் மசியாது. அப்புறம் அதே தேங்காய் எண்ணெயைத் தேய்த்தால் திரண்டு உருண்டு கையோடு வந்துவிடும்.

அழகுசாதனக் கடையில் முகத்தைச் சுத்தம் செய்ய ‘கிளென்சிங் ஆயில்’ என்று விற்கும் பாட்டிலுக்குள் இருக்கும் அறிவியலில் பாதி இதுதான். விடிய விடியத் தெருக்கூத்து ஆடியவர்கள் வேஷம் கலைக்கத் தேங்காய் எண்ணெயை எடுப்பதும், கதகளிக் கலைஞர்கள் அதையே செய்வதும் இந்தப் பாதியை வைத்துத்தான். மீதிப் பாதியை விட்டுவிட்டு வீட்டில் செய்து பார்ப்பவர்கள்தான் ‘முகமெல்லாம் பிசுபிசுப்பு, பரு வந்துவிட்டது’ என்று நொந்துகொள்கிறார்கள். அந்த மீதிப் பாதியைப் புரிந்துகொண்டால் செய்முறை ரசம் வைப்பதைவிட எளிது.

தண்ணீர் ஏன் தோற்கிறது

முகத்தில் நாள் முழுக்கச் சேர்வதில் வியர்வையும் உப்பும் தண்ணீரிலேயே போய்விடும். தோலே சுரக்கும் எண்ணெய்ப் பசை போகாது. அதில் கொழுப்பும், மெழுகு போன்ற பொருள்களும், ஸ்குவாலீன் என்ற ஒருவகை எண்ணெயும் கலந்திருக்கின்றன. இதன்மேல் நாம் பூசுகிற சன்ஸ்கிரீன், லிப்ஸ்டிக், வாட்டர்புரூஃப் ஐலைனர் எல்லாம் தண்ணீர் பட்டால் கரையக் கூடாது என்றே தயாரிக்கப்பட்டவை. வியர்த்தாலும் கலையாத ஒன்று, குழாய்த் தண்ணீருக்கு மட்டும் எப்படிக் கலையும்?

வீட்டில் செய்யும் கண்மையை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய்த் தீபத்தின் கரியை வழித்து, அதே விளக்கெண்ணெயில் குழைத்தது. எண்ணெயில் குழைந்தது எண்ணெயில்தான் இளகும். பஞ்சில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் தொட்டு இமையில் ஒற்றி எடுத்தால், கண்ணைக் கசக்காமல் மை வந்துவிடுகிறது. ஒரே குணமுள்ள பொருள்கள் ஒன்றில் ஒன்று எளிதில் கரையும் என்பது வேதியியலின் பழைய விதி. எண்ணெய் ‘நச்சை உறிஞ்சி எடுக்கும்’, ‘ரத்தத்தைச் சுத்தம் செய்யும்’ என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அப்படி எதுவும் நடப்பதில்லை. கரைக்கிறது, அவ்வளவுதான்.

சரி, கரைந்தாயிற்று. இப்போது முகத்தில் அழுக்கு கலந்த எண்ணெய் இருக்கிறது. அதை எப்படி எடுப்பது?

எண்ணெய்க் குளியலை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்தவுடன் யாரும் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதில்லை. அரைமணி ஊறிய பிறகு சீயக்காய் வரும், இல்லாவிட்டால் அரப்பு, குழந்தைகளுக்குப் பயத்தமாவு. சீயக்காயில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருக்கிறது. பயத்தமாவு எண்ணெயை ஒற்றி இழுத்துக்கொள்ளும். எண்ணெய் தேய்ப்பது முதல் பாதி, சீயக்காய் இரண்டாம் பாதி. இரண்டும் சேர்ந்தால்தான் குளியல் என்று நம் வீடுகளில் சொல்லித்தர வேண்டியதே இல்லை. முகம் என்று வரும்போது மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறோம்.

எண்ணெயை இறக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைப்பது. பழைய பருத்தி வேட்டித் துணி இதற்கு அருமையாக இருக்கும். இரண்டு, எண்ணெய்க்கு மேல் பயத்தமாவோ மென்மையான ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவுவது. மூன்றாவது வழியில், தண்ணீர் பட்டதும் தானே கழன்று ஓடும்படி எண்ணெயையே தயார் செய்து வைக்கிறோம். கடைப் பாட்டில்கள் செய்வது இந்த மூன்றாவதை. வீட்டிலும் செய்யலாம்.

ஃபினாயில் ஏன் வெளுக்கிறது

கறுப்பு ஃபினாயிலை வாளித் தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுத்துப் பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள் தண்ணீரில் கரைவதில்லை. கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து மிதக்கிறது. துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ள அதில் ஒரு காவல்காரரைக் கலந்திருக்கிறார்கள். அந்தக் காவல்காரருக்குப் பள்ளிக்கூட வேதியியல் புத்தகத்தில் பெயர் பால்மமாக்கி. கடைக்காரர்கள் எமல்சிஃபையர் என்பார்கள். அதன் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். பாலும் இதே கதைதான்: கொழுப்புத் துளிகளைப் புரதம் காவல் காக்கிறது, துளிகளில் ஒளி சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

முகத்துக்கு வீட்டில் பயன்படுத்த எளிதான பால்மமாக்கி பாலிசார்பேட் 80. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஐஸ்கிரீமிலும் சேர்க்கிறார்கள். தேன் நிறத்தில் கெட்டியான திரவமாக இருக்கும். வீட்டுச் சோப்பு செய்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அழகுசாதனத் தரம் என்று குறிப்பிட்டதை மட்டும் வாங்குங்கள். ‘எனக்கு ரசாயனமே வேண்டாம்’ என்பவர்கள் இதை விட்டுவிட்டு முதல் இரண்டு வழிகளில் போகலாம். அதில் ஒரு குறையும் இல்லை, துணியோ மாவோ கட்டாயம் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

எந்த எண்ணெய்?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் ஆயிரம் பதில்கள் இருக்கின்றன. என் அனுபவத்தில், ஒரு நிமிடம் இருந்து கழுவப்படப்போகிற எண்ணெய்க்கு இவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரவு முழுக்கப் பூசிக்கொண்டு தூங்குகிற எண்ணெய்க்குத்தான் அந்தக் கவலை.

தொடங்குபவர்களுக்கு ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயையே சொல்வேன். மெலிதானது, மணமில்லாதது, பெரும்பாலும் அடுப்படியிலேயே இருக்கும். அதில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அதிகம். தோலுக்கு அது ஒத்துப்போகும். ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காறிப்போகும். புதுப் பாக்கெட்டிலிருந்து எடுங்கள். வடை சுட்டு வடிகட்டிய எண்ணெய் என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

நல்லெண்ணெயைப் பற்றி இரண்டு வார்த்தை. எள்ளுக்கென்றே உரிய செசமின், செசமோல் போன்ற பொருள்கள் இருப்பதால் அது எளிதில் கெடாது. சருமத்துக்கும் பழகிய எண்ணெய்தான். ஆனால் நம் ஊர்ச் செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுகிறார்கள். சோற்றில் ஊற்றிக்கொள்ள அந்த மணம் அமிர்தம். முகத்தில் பூசி மூக்கின் அடியிலேயே வைத்துக்கொள்ளும்போது இட்லிப் பொடி ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியாது. அடியில் வண்டல் தங்கியிருந்தால் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதாம் எண்ணெய் நன்றாக வேலை செய்யும், வாங்கும்போது லேபிளைப் படிக்க வேண்டும். பாதாம் படம் போட்ட பல பாட்டில்கள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்கள். பொருள்பட்டியலில் முதலில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலோ வேறு தாவர எண்ணெயோ இருக்கும், பாதாம் எங்கோ கடைசியில் எட்டிப் பார்க்கும். மினரல் ஆயில் கெட்டது என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்கான பேபி ஆயிலில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. காறாது, எளிதில் ஒவ்வாமை தராது, மேக்கப்பையும் நன்றாகக் கரைக்கும். காசு கொடுத்தது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.

விளக்கெண்ணெய் கெட்டியானது. அதன் கொழுப்பமிலத்தில் 85 சதவீதத்துக்கு மேல் ரிசினோலிக் என்ற ஒரே அமிலம்தான். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பும் வழவழப்பும். தனியாகப் பூசினால் இழுபடும். மற்ற எண்ணெயோடு பத்தில் ஒரு பங்கு கலந்தால் கண்மையும் உதட்டுச்சாயமும் சுலபமாக இளகும்.

தேங்காய் எண்ணெயை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். வேஷம் கலைக்க அது போதும். ஆனால் பரு வரும் முகத்துக்கு அது பலருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. துளைகளை அடைக்கும் எண்ணெய்களுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்ட ஒரு பட்டியல் சுற்றுகிறது, அதில் தேங்காய் எண்ணெய்க்கு 4. அந்த மதிப்பெண்களுக்கு அடிப்படை முயலின் காதில் செய்த சோதனைகள். மனித முகத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. பட்டியலை வேதவாக்காக எடுக்காமல், உங்கள் கன்னம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பரு வராதவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

செய்யலாம் வாருங்கள்

எல்லாவற்றையும் எடையில் அளக்கப் பழகுங்கள். சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். மொத்தம் 100 கிராம் செய்தால் கிராமும் சதவீதமும் ஒன்றாகிவிடும், கணக்குப் போடவே வேண்டாம்.

முகம் கழுவும் எண்ணெய்க்கு: சூரியகாந்தி எண்ணெய் 74 கிராம், விளக்கெண்ணெய் 10 கிராம், பாலிசார்பேட் 80 15 கிராம், வைட்டமின் ஈ 1 கிராம். கழுவி, துடைத்து, வெயிலில் நன்றாகக் காய்ந்த பாட்டிலில் ஒவ்வொன்றாக ஊற்றி மூடிக் குலுக்கினால் முடிந்தது. அடுப்பே பற்றவைக்க வேண்டாம். ஓரிரு நாளில் பாலிசார்பேட் அடியில் தங்கினாலோ எண்ணெய் லேசாகக் கலங்கித் தெரிந்தாலோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்றினால் சரி.

வைட்டமின் ஈ பற்றி ஒரு விஷயம். மருந்துக்கடை மாத்திரையைக் குத்திப் பிழிந்து விட்டால் எண்ணெய் கெடாது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் பல காலம் பிழிந்துகொண்டிருந்தேன். அந்த மாத்திரைகளில் பலவற்றில் இருப்பது டோகோஃபெரில் அசிடேட். உடம்புக்குள் போன பிறகு மாறி வேலை செய்யும் வடிவம் அது. பாட்டிலுக்குள் எண்ணெய் காறுவதைத் தடுக்க அதால் முடியாது. அதற்கு டோகோஃபெரால் என்று எழுதியிருப்பது வேண்டும். அதுவும் காறலைத் தாமதிக்கும், அவ்வளவுதான். கிருமிகளை அது ஒன்றும் செய்யாது.

பயன்படுத்தும்போது முகமும் கையும் உலர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பழக்கதோஷத்தில் முகத்தை நனைத்துவிட்டு எண்ணெயை எடுத்தால், பால்மமாக்கி அழுக்கைத் தொடும் முன்பே தண்ணீரோடு சேர்ந்து ஓடிவிடும். உலர்ந்த முகத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மெல்லத் தேயுங்கள். ஒரு நிமிடம் போதும், பத்து நிமிடம் அரைத்தால் தோல்தான் சிவக்கும். பிறகு கையை மட்டும் நனைத்து மறுபடி தேயுங்கள். ஃபினாயில் போல வெளுக்கும். அப்புறம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதன்பின் வழக்கமான ஃபேஸ்வாஷ். மேக்கப் போடாத நாளில் அதுகூடத் தேவைப்படாது. குளியலறைத் தரையில் சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள், டைல்ஸில் எண்ணெய் பட்டால் அடுத்து வருபவர் வழுக்கி விழுவார்.

பாம் என்றால் தலைவலித் தைலம் இல்லை

கிளென்சிங் பாம் என்பது அதே எண்ணெய்தான், மெழுகு சேர்த்துக் கெட்டியாக்கியது. சிந்தாது, பயணத்துக்கு வசதி. மெழுகும் எண்ணெயும் சேர்க்கும் யோசனை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலென், தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும் குழைத்து ஒரு களிம்பு செய்ததாகச் சொல்வார்கள். அதிலிருந்த தண்ணீர் தோலில் ஆவியாகும்போது குளிர்ச்சி தந்தது, கோல்ட் கிரீம் என்ற பெயருக்கு அதுதான் காரணம். நாம் பன்னீர் சேர்க்கப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

100 கிராமுக்கு: தேன்மெழுகு 12, சூரியகாந்தி எண்ணெய் 62, விளக்கெண்ணெய் 10, பாலிசார்பேட் 80 15, டோகோஃபெரால் 1. அகலமான பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் இன்னொரு சின்னப் பாத்திரத்தை வைத்து, அதில் மெழுகையும் இரண்டு எண்ணெய்களையும் போடுங்கள். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், தண்ணீர் கொதித்துக் குதிக்கத் தேவையில்லை. நேரடித் தீயில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகும் எண்ணெயும் பற்றிக்கொள்ளும். உருகித் தெளிந்ததும் இறக்கிப் பாலிசார்பேட்டையும் டோகோஃபெராலையும் கலந்து, அகலவாய் டப்பாவில் ஊற்றுங்கள்.

ஊற்றுவதற்கு முன் ஒரு பதம் பார்க்க வேண்டும். ஒரு சின்னக் கரண்டியை முன்கூட்டியே ஃபிரீசரில் வைத்திருங்கள். அதில் சில சொட்டுகள் விட்டு, இறுகியதும் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, விரலால் தொட்டுப் பாருங்கள். கல்லாக இருந்தால் எண்ணெய் சேர்க்கலாம், ஓடினால் மெழுகு. பாகுப் பதம் பார்ப்பது போலத்தான். என் முதல் பாமில் ‘நன்றாகக் கெட்டியாகட்டும்’ என்று தேன்மெழுகை இரண்டு பங்காகப் போட்டுவிட்டேன். முகத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்த மாதிரி ஒரு படலம், மூன்று முறை கழுவியும் போகவில்லை. அந்த டப்பா கடைசியில் குதிகால் வெடிப்புக்குப் போனது, அங்கே பிரமாதமாக வேலை செய்தது. 15 கிராமுக்கு மேல் மெழுகு வேண்டாம்.

ஊருக்கு ஏற்பவும் மெழுகின் அளவு மாறும். சித்திரை வெயிலில் சென்னையிலோ வேலூரிலோ 12 கிராம் மெழுகுப் பாம் தளர்ந்து போகலாம், 14 போடுங்கள். ஊட்டியிலும் நுவரெலியாவிலும் 10 போதும். தேங்காய் எண்ணெய் சேர்த்தால் பாம் இறுகும் என்று படித்துவிட்டு ஏமாறுபவர்கள் அதிகம். அது 24 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நம் சமவெளியில் பகல் வெப்பம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ஷியா வெண்ணெய் (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் விதைக் கொழுப்பு) சேர்ப்பவர்கள் பாமை மெதுவாக ஆற விடக் கூடாது. அதிலுள்ள கொழுப்புகள் தனித்தனியாக உறைந்து ரவை போல நறநறக்கும். ஃபிரிட்ஜில் வைத்துச் சட்டென ஆற்றினால் வழவழப்பாக இருக்கும்.

தண்ணீர்தான் எதிரி

பன்னீர் வேண்டாம் என்றேன். கற்றாழைச் சாறு, தேன், தயிர், எலுமிச்சைச் சாறு, பச்சை வேப்பிலை எதுவுமே வேண்டாம். சுத்தமான எண்ணெயில் கிருமிகள் வளர முடியாது, அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். அதனால்தான் நம் எண்ணெய்க்குப் பாதுகாப்பு ரசாயனம் சேர்க்காமலே தப்பிக்கிறோம். ஒரு கரண்டிச் சாறு கலந்தால் அந்தச் சலுகை போய்விடும், பூஞ்சை வரும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாமல் வரும், அது இன்னும் மோசம்.

வீட்டில் செம்பருத்தி எண்ணெய் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கும்வரை அடுப்பை அணைக்க மாட்டார்கள். அந்தச் சத்தம் இலையிலிருந்த ஈரம் வெளியேறும் சத்தம். அடங்கினால்தான் எண்ணெய் கெடாது என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். மூலிகை சேர்த்தே ஆக வேண்டுமென்றால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்ததைச் சேருங்கள். எலுமிச்சை எண்ணெய், ஆரஞ்சு எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களை நான் விட்டுவிடுவேன். சிட்ரஸ் எண்ணெய்களில் சில, பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும். மணம் தராத எண்ணெயும் முகத்தைச் சுத்தம் செய்யத்தான் செய்கிறது.

பாமை ஈர விரலால் தோண்டாதீர்கள். ஊறுகாய் ஜாடிக்கு வீட்டில் என்ன மரியாதையோ அதே மரியாதை: உலர்ந்த கரண்டி, எடுத்ததும் மூடி. குளியலறை அலமாரியைவிடப் படுக்கையறை அலமாரி நல்லது.

புதிதாகச் செய்ததை நேரே முகத்தில் பூசாமல், முழங்கையின் உள்பக்கம் தடவி ஒன்றிரண்டு நாள் பாருங்கள். எள், பாதாம், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தந்த எண்ணெயைத் தொடவே வேண்டாம். நெற்றியிலும் மூக்கோரத்திலும் அரிப்போடு செதில் உதிர்பவர்களுக்கும், ஒரே அளவில் அரிக்கும் சின்னப் பருக்கள் உள்ளவர்களுக்கும் எண்ணெய் நிலைமையை மோசமாக்கலாம். மலசீசியா என்ற பூஞ்சைக்குக் கொழுப்பமிலங்கள்தான் சாப்பாடு. அவர்கள் தோல் மருத்துவரைப் பார்த்த பிறகு இந்த வேலையில் இறங்கலாம். கண்ணுக்குள் போனால் சற்று நேரம் பார்வை மங்கலாகத் தெரியும், சுத்தமான தண்ணீரால் அலம்புங்கள். லென்ஸ் போட்டிருந்தால் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே தடவையில் லிட்டர் கணக்கில் செய்யாதீர்கள், 100 கிராம் ஒருவருக்குப் பல வாரங்கள் வரும். செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அதற்குமுன் காறல் வாடை வந்தால் மிச்சம் பிடிக்கப் பார்க்காமல் கைவிடுங்கள். வெறும் எண்ணெயாக இருந்தால் விளக்குக்கு ஊற்றலாம். பாலிசார்பேட் கலந்ததைப் பழைய துணியில் துடைத்தெடுத்துக் குப்பையில் போடுங்கள், கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.